சிர்க்கோனியாப் பல்லும் கொட்டைப்பாக்கும்

கேள்வி: சிர்க்கோனியாப் பல் உடையவே உடையாதாமே? கொட்டைப்பாக்கைக் கடிக்கலாமா?
– ஒரு வாசகர், பூண்டுலோயா

பதில்: உடையாத பல் இன்னும் முளைக்கவில்லை, ஆனால் பீங்கான் குலத்தில் சிர்க்கோனியாவைப் போலப் பிடிவாதக்காரர் கிடையாது. பூர்வீகமும் உள்ளூர்தான்: 1789இல் வேதியியலாளர் கிளாப்ரோத் இதைக் கண்டறிந்தது இலங்கையின் சிர்க்கன் மணிக்கல்லில். சாதாரணப் பல் பீங்கான் சுமார் 100 மெகாபாஸ்கல் வளைவு அழுத்தத்தில் முறியும். 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்க்கோனியா 900 முதல் 1200 வரை தாங்கும். விரிசல் கிளம்பியதும் அதன் முனையிலுள்ள நுண்படிகங்கள் வடிவம் மாறி, ஏறத்தாழ 4 சதவீதம் பருத்து, விரிசலின் வாயை நெரித்துவிடும். 1975இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் இதை ‘நேச்சர்’ இதழில் விளக்கிய கட்டுரையின் தலைப்பே ‘பீங்கான் எஃகா?’ என்பதுதான்.

முன்பல்லுக்கு ஒளி ஊடுருவும் அழகு வேண்டி இட்ரியாவைக் கூட்டினால், வடிவம் மாறும் படிகங்கள் குறைந்து வலிமையும் இறங்கும். அழகுக்குப் பணம் மட்டும் விலையல்ல. மேலே ஏற்றும் பீங்கான் பூச்சு சில்லாகப் பெயர்வதுண்டு. கடைவாய்க்குப் பூச்சில்லாத முழு சிர்க்கோனியா உறையே உத்தமம். வாயின் ஈரமும் ஆண்டுக்கணக்கில் படிகங்களை மெல்ல மாற்றும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும். நன்றாக மெருகிட்டால் சாதுவாக நடந்துகொள்ளும்.

உறைக்குச் சொத்தை வராது, அடியிலிருக்கும் சொந்தப் பல்லுக்கு வரும். பாக்கோ, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பின்படி புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கன்னத்துக்குச் சிர்க்கோனியா உறை இன்னும் விற்பனைக்கு வரவில்லை.