கன்னத்துல ஒதுக்குடா, பேராண்டி

சிங்கப்பூருக்குக் கிளம்பிட்டியாம், சந்தோசம். மதுரை ஏர்போர்ட்டுல என்ன திங்கக் கிடைக்கும்னு இப்பவே போனைத் தடவிக்கிட்டுக் கிடக்கியாமே, உன் ஆத்தா சொன்னா. முன்ன ஜப்பான்காரன் ஏர்போர்ட்டுல சோத்தை முக்கோணமாப் பிடிச்சு, கடல்பாசியைச் சுத்தி வச்சிருந்ததைப் போட்டோ எடுத்து சொந்தபந்தம் பூரா அனுப்புனவனாச்சே நீ. ஒனிகிரியாம். சோத்தைப் பிடிச்சுத் திங்க டோக்கியோ வரைக்கும் போன மகராசன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான். இங்க உன் அப்பத்தா பொரிவிளங்கா உருண்டை பிடிச்சு, கை செவந்து உட்கார்ந்திருக்கா. நீ திரும்பிக்கூடப் பாக்கல.

அது லேசுப்பட்ட வேலையா? புழுங்கலரிசியையும் பாசிப்பருப்பையும் தனித்தனியா வறுத்துத் திரிக்கணும். சுக்கு, ஏலம் தட்டிப் போடணும். தேங்காப் பல்லை நெய்யில வதக்கணும். வெல்லப்பாகுல ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, உருட்டித் தட்டுல போட்டா 'டண்'ணுன்னு கேக்கணும். அந்தச் சூட்டோட பிடிச்சாத்தான் உருண்டை. ஆறிப்போச்சுன்னா வெறும் மாவு. 2019 ஆகஸ்டுல புத்தடி ஏலத்துல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போச்சே, அப்பக்கூட உன் பங்குல அவ கை வைக்கல. என் உருண்டையிலதான் சுக்கு மட்டும் இருந்துச்சு.

பல்லு போயிரும்ங்கிற. உன்னைக் கடிக்கச் சொன்னது யாரு? கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு உட்காரு.

விடியுமுன்ன தூக்குவாளியும் கையுமா ஜீப்புல ஏலக்காட்டுக்குப் போற பொம்பளைகளைக் கேளு. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுறதுக்குள்ள காது அடைச்சுக்கிரும். வாயில எதையாச்சும் போட்டு எச்சி முழுங்கினா 'டப்'புன்னு திறந்துக்கிரும். உன் பிளேன்லயும் அதே கதைதான். அது முப்பதாயிரம் அடிக்கு மேல பறந்தாலும், உள்ள இருக்கிற காத்தழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலையில இருக்கிற மாதிரிதான். கொடைக்கானல் உசரம்னு வச்சுக்கோ. அதனால பறக்கப் போறேன்னு ரொம்ப மீசையை முறுக்காதே. போடிமெட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறப்போற, அம்புட்டுத்தான். அதுவும் வளைவில்லாம, பக்கத்துல வாந்தி எடுக்க ஆளில்லாம. முந்தியெல்லாம் பிளேன் கிளம்பையில தட்டுல மிட்டாய் வச்சு நீட்டுவாகளாம். இப்ப அதெல்லாம் ஏது? ஏறையில உருண்டையில ஒரு துண்டு, இறங்கையில ஒரு துண்டு வாயில போடு. இறங்கையிலதான் காது ரொம்பப் படுத்தும்.

உருண்டையை இங்கயே கதவு இடுக்குல வச்சு உடைச்சு எடுத்துக்கோ. ஏர்போர்ட்டுக் கதவு தானாத் திறக்கும், தானா மூடும், அதுக்கு நம்ம வித்தை தெரியாது.

சோதனை போடுறவுக பைக்குள்ள என்னன்னு கேட்டா உருண்டைன்னு மட்டும் சொல்லு. குண்டு கிண்டுன்னு நம்மூருக் குசும்பைக் காட்டினா பிளேன் போயிரும், நீ போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்து முழிப்பே. கொப்பரையையும் கைப்பையில திணிக்காதே. எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும்னு பயப்படுறாக. ஐயப்பசாமிமாருக்கே 2024 கடைசியில இருமுடித் தேங்காயைக் கூடவே வச்சுக்க விட்டது அந்த சீசன் முடியுற வரைக்கும்தான்.

மூணு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்றாகன்னு சலிச்சுக்கிறியாம். போடி ரயிலை அகலப்பாதை போடுறோம்னு 2010 கடைசியில நிறுத்தினாக, மறுபடி வந்தது 2023 ஜூன்ல. அம்புட்டு வருசம் பொறுத்த ஊர்ல பிறந்துட்டு மூணு மணி நேரத்துக்கு முனகுறியே! அந்த நேரத்துல கடை கடையா விலைப் பலகையை வேடிக்கை பாரு. காசு இல்ல அதுக்கு.

கைப்பை ஏழு கிலோதான்னு அப்பத்தா கிட்ட கணக்குச் சொல்லி உருண்டையை வெளிய எடுத்து வச்சியாமே. எடை கூடினா ஜீன்ஸை எடுத்து வெளிய வைடா. ஜீன்ஸு சிங்கப்பூர் தேக்காவுல கிடைக்கும்.