போர்வை ஒண்ணு, கை பதினாறு

ஏலே பேராண்டி, அந்தப் போனை இப்படித் திருப்பு. போர்வையும் கையுமா முழிச்சுக்கிட்டு இருக்கானே ஒரு கெழவன், யாருன்னு தெரியுதா? கீழ இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கீக. உங்கப்பன்தான் அர்த்தம் சொன்னான்: ஆதரவற்ற முதியவராம்! கோவில்பட்டிப் பக்கம் மூணு ஏக்கர் கரிசக்காடு, தில்லி ஆர்.கே.புரத்துல மகன் வீடு, நீ ஒரு பேரன். இத்தனையும் இருக்கறவனை அனாதையாக்க உங்க கிளப்புக்கு ஒரு நிமிசந்தான் ஆச்சு.

நடந்தது இதுதான். தை மாசக் குளிரு. மலை மந்திர் முருகனைக் கும்பிட்டுட்டு இறங்கினேன். மூச்சு வாங்குச்சு, கீழ செத்த உக்காந்தேன். வேட்டி, குரங்குக் குல்லா, நாலு நாள் தாடி. எட்டுப் பேரு வந்தானுக. ஒருத்தன் போர்வையை விரிச்சான், ரெண்டு பேரு பேனரைப் பிடிச்சானுக, மிச்சவனுக பின்னால நின்னு பல்லைக் காட்டுனானுக. "பாபாஜி, இதர் தேக்கியே"ன்னு ஒருத்தன் போனை நீட்டுனான். போர்வை ஒண்ணு, அதைச் சுத்திக் கை பதினாறு. குளிருதா தாத்தான்னு கேக்கத்தான் ஒரு வாய் இல்லை.

பயப்படாத, எந்தக் கிளப்புன்னு வெளிய சொல்ல மாட்டேன். கிளப்பே வேண்டாம்னும் சொல்லலை. நீ படிச்ச பள்ளிக்கூடம் எப்படி வந்துச்சு? தெக்கேயிருந்து பிழைக்க வந்தவுக 1923-ல ஒரு கல்விச் சங்கத்தை ஆரம்பிச்சாக. மதராசிக் கல்விச் சங்கம்னு இருந்தது, பொறவு தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாச்சு. இன்னைக்கு ஏழு பள்ளிக்கூடம். அதுல ஒண்ணுலதான நீ வாத்தியார்கிட்ட காது திருகு வாங்குன?

போலியோ கதை அதைவிடப் பெருசு. உலகம் பூரா அதை ஒழிக்கணும்னு ரோட்டரிக்காரக 1985-ல வரிஞ்சு கட்டுனாக. இந்தத் தில்லியில 1994 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்னைக்கு, ஹர்ஷ் வர்தன் சுகாதார மந்திரியா இருந்தப்போ, ஊர்ப் பிள்ளைக எல்லாத்துக்கும் ஒரே நாள்ல சொட்டு மருந்துன்னு இறங்குனாக. பேனர் அப்பவும் இருந்துச்சு, இல்லாம இருக்குமா? ஆனா சங்கதி பேனர்ல இல்லை, சாக்பீஸ்ல.

பிற்பாடு வீடு வீடாப் போகயில, எல்லாப் பிள்ளைக்கும் ஊத்தியாச்சுன்னா கதவுல 'பி'ன்னு எழுதுவாக. வீடு பூட்டியிருந்தா, பிள்ளை வெளிய போயிருந்தா, ஆத்தாக்காரி வேண்டாம்னு மல்லுக்கு நின்னா, 'எக்ஸ்'. அந்தப் பெருக்கல் குறி போட்ட கதவைத்தான் திரும்பத் திரும்பத் தட்டணும். ஐஸ் போட்ட டப்பாவைத் தோள்ல தொங்கவிட்டு, நாலாம் மாடி ஏறி, திட்டு வாங்கி, ரெண்டு சொட்டு ஊத்தி, இடது கைச் சுண்டுவிரல்ல மை வச்சுட்டு இறங்கணும். அங்க எவன் போட்டோ எடுத்தான்? நாட்டோட கடைசிக் கேசு 2011 சனவரியில ஹவுராப் பக்கம் வந்ததுதான். 2014 மார்ச் 27-ல இதே தில்லியில வச்சுச் சான்றிதழ் குடுத்தாக. அவ்வளவும் அந்த 'எக்ஸ்' கதவைத் தட்டுன கைக்குச் சேரணும்.

உங்க ரத்ததான முகாமும் இப்படித்தான். தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாள்ல அம்புட்டுப் பேரும் கையை நீட்டுதீக. நல்ல காரியந்தான், ஜூசும் நல்லா இருந்துச்சு. ஆனா ராசா, சிவப்பணுவை 35, 42 நாள்வரைக்கும் வச்சுக்கிடலாம். தட்டணு அஞ்சே நாள். மழை விட்டு டெங்கு கிளம்புறப்போ ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன் தட்டணு கேட்டு அலைவான். தலைவரு பிறந்தநாள் ரத்தம் அப்போ எங்க இருக்கும்? முகாம்ல வந்தவன் நம்பரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வை, வகை வாரியா. ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டா எவன் வாரான்னு பாரு. அவனை அடுத்த தலைவராக்கு.

ரோட்டரியோட இளவட்டக் கிளப்பு ரோட்டராக்ட்டுல முப்பது வயசு வரைக்குந்தான்னு இருந்த கட்டுப்பாட்டை 2020-லேயே எடுத்துட்டாகளாமே? பதினெட்டு ஆயிருந்தாப் போதுமாம். எனக்குப் பதினெட்டு ஆகி அறுபது வருசம் ஆச்சு. உங்க கிளப்புலயும் கேட்டு வை, பொருளாளர் வேலை இருந்தாச் சொல்லு.

போர்வையா? அன்னைக்கே குடுக்கப் பாத்தேன். படிக்கட்டுல எனக்குப் பக்கத்துல நெசமாவே இல்லாதவன் ஒருத்தன் உக்காந்திருந்தான். போட்டோவுல ஓரமா முழங்கால் தெரியுதே, அவன்தான். உங்காளுக அவனைத் தாண்டித்தான் எங்கிட்ட வந்தானுக. போர்வை வேணுமான்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில கேட்டேன். இந்த மாசத்துல மட்டும் மூணு வந்துருச்சாம், வேண்டாம்னுட்டான். செருப்புதான் இல்லையாம்.

எட்டாம் நம்பர். எழுதிக்கோ.