ஒரு சதத்துக்கு உரிமம் கோரி

மாண்புமிகு கனடிய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

ஸ்காபரோவிலிருந்து முப்பது வருடமாக வரி கட்டிவரும் தமிழன் எழுதிக்கொள்வது. எனக்கு உங்களிடமிருந்து ஓர் உரிமம் வேண்டும். கடை வைக்க அல்ல, கட்டடம் கட்ட அல்ல. என் கிறைண்டருக்குள் ஒரு சதக் காசைப் போட்டுவைக்க.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் தமிழ்ப் பிள்ளை, தோசைக்கு உளுந்து அரைக்கும் கிறைண்டர் என்று சொல்லிவிடக்கூடும். அது வேறு. இது உள்ளங்கைக்குள் அடங்குவது. இரண்டரை அங்குல அகலம், நான்கு பகுதி. மேலிரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பல் வைத்தவை, எங்கள் ஊர்த் திரிகையின் பேரப்பிள்ளைகள். 2018 ஒக்ரோபர் 17 முதல் உங்கள் சட்டம் அனுமதித்த கஞ்சாப் பூவை அதில்தான் பொடிக்கிறேன். மூன்றாவது தட்டில் மெல்லிய உருக்கு வலை. பூவில் இருக்கும் பிசின் துகள் அதனூடாக இறங்கி அடித்தட்டில் சேரவேண்டும். ஆனால் அரிதட்டைத் தட்டாமல் மா இறங்குமா? அந்த வேலைக்குத்தான் சதம். நன்றாகக் கழுவிய ஒரு காசை வலைமேல் போட்டுக் குலுக்கினால், துள்ளித் துள்ளிப் பிசினை இறக்கிவிடும்.

வேறு காசு போடலாமே என்பீர்கள். போட்டுப் பார்த்தேன். ஐந்து சதம் 3.95 கிராம், வலை தொய்கிறது. பத்துச் சதம் 1.75 கிராம், துள்ளாமல் சோம்பிக் கிடக்கிறது. ஒரு சதம் 2.35 கிராம், இதற்கென்றே அடித்த மாதிரி.

அந்தக் காசைத்தான் உங்கள் அமைச்சு 2012 வரவுசெலவுத் திட்டத்தில் தீர்த்துக்கட்டியது. ஒன்றை அடிக்க 1.6 சதம் செலவாகிறதாம். அவ்வருடம் மே 4 அன்று வின்னிபெக்கில் கடைசிச் சதத்தை அப்போதைய நிதி அமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி தம் கையாலேயே அடித்தார். 2013 பெப்ரவரி 4 உடன் விநியோகமும் நின்றது. கஞ்சாவை அனுமதித்தது அதற்கு ஐந்தரை வருடத்துக்கும் மேல் பிந்தி. உரல் வாங்கித் தந்தவர்கள் உலக்கையை முதலே விறகாக்கிவிட்டீர்கள்.

நல்லவேளை, என் மனைவி காசை எறிகிறவள் அல்ல. பிஸ்கட் பேணி நிறையச் சதம் இருக்கிறது. வில்லங்கம் இனித்தான். சதம் இன்றைக்கும் செல்லுபடியாகும் நாணயம். அப்படிப்பட்ட நாணயத்தை உருக்கவோ உடைக்கவோ காசாக அல்லாமல் வேறு விதமாகப் பயன்படுத்தவோ அமைச்சரின் உரிமம் வேண்டும் என்கிறது உங்கள் நாணயச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. மீறினால் தண்டனை. ஒன்ராறியோவில் 19 வயதைத் தாண்டி நாற்பது வருடமான நான், 30 கிராம் உலர்ந்த கஞ்சாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொலிஸ்காரருக்கு வணக்கம் சொல்லலாம். வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம். கிறைண்டருக்குள் கிடக்கும் அந்தச் செப்புக்காசுதான் குற்றம். (செப்பு என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். கடைசி வருடங்களின் சதத்தில் 94 வீதம் உருக்கு.)

உரிமம் கேட்பவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். சொல்கிறேன். முதல் கிறைண்டரை ஒரு மூலைக்கடையில் வாங்கினேன். வானவில் நிறம், நல்ல கனம். கனம்தான் தரம் என்று நினைத்தது என் மடமை. நாகக் கலவையில் வார்த்து முலாம் பூசிய சாமான் அது. மூன்று மாதத்தில் பல்நுனி உரிந்தது. ஒருநாள் வெறும் கிறைண்டரைச் சுற்றிவிட்டு வெள்ளைக் கடதாசியில் தட்டினேன்: கரிய தூள். புது அம்மியில் அம்மா முதலில் அரிசியை அரைத்துக் கொட்டிக் கல்லுத்தூள் போக்குவார். இந்தத் தூள் நாளுக்கு நாள் கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டாவதை மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரிப் பார்த்து வாங்கினேன். தனித்தனியாகச் செருகிய பல் அல்ல, ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்தது. சுழற்றினால் கிரீச்சிடவில்லை. மரை ஆழமாக வெட்டியிருந்தது. மூடியின் நடுவில் காந்தம். அந்தக் காந்தத்துக்கு நேர்கீழே பல் கிடையாது. பூவை அங்கே வைத்தால் அரைபடாமல் குந்தியிருக்கும், சுற்றிவரப் பரப்பவேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் சென்றது.

பிசின் மரையில் ஏறினால் பலாப்பால் ஒட்டிய கை மாதிரி, மூடி அசையாது. அதனால் மாதம் ஒருமுறை கழற்றி, சதத்தோடு சேர்த்துப் பிறீசரில் அரை மணிநேரம். குளிரில் பிசின் மொறுமொறுத்துவிடும். பழைய பல்துலக்கியால் தட்டினால் உதிரும். மிச்சத்துக்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல். அடுப்பை அணைத்து, யன்னலைத் திறந்துவைத்துத்தான். பிறகு சுடுநீரில் கழுவி ஈரமில்லாமல் காயவிடுவேன். அக்ரிலிக் கிறைண்டரை அல்ககோலில் ஊறவைத்து வெடிக்கப்பண்ணியவர் என் மைத்துனர். அவர் விண்ணப்பித்தால் யோசித்துக் கொடுங்கள். பிறீசர் விடயத்தில் வீட்டில் ஓர் ஆட்சேபணை பதிவாகியிருக்கிறது: “இஞ்சருங்கோ, உங்கட சாமானிலை மீன் மணத்தாப் பரவாயில்லை. என்ர மீனிலை உங்கட மணம் வரக்கூடாது.”

இனி வரவு. பூவுக்குக் கிராமுக்குக் குறைந்தது ஒரு டொலர் கலால் வரி எடுக்கிறீர்கள். 25 சதம் உங்களுக்கு, 75 சதம் மாகாணத்துக்கு. கடையில் காசாக நீட்டினால் சதம் இல்லையென்று ஐந்துக்குத் திருத்துகிறார்கள். அட்டையை நீட்டினால் சதம் சதமாகக் கறக்கிறார்கள். அடிப்பதை நிறுத்திய காசை எண்ணுவதை மட்டும் நீங்கள் நிறுத்தவில்லை.

உரிமம் எழுதச் சிரமமென்றால் புதிதாக ஒன்று அடித்துத் தாருங்கள். உங்கள் நாணயச்சாலை 2007இல் 100 கிலோ தங்கத்தில் பத்து இலட்சம் டொலர் காசு அடித்தது. 2017இல் இருட்டில் ஒளிரும் இரண்டு டொலரை அடித்தது. கறையிலி உருக்கில் இரண்டரைக் கிராம் என்ன பெரிய வேலை? அதில் பொறிக்கும் இலையைப் பற்றியும் கவலை வேண்டாம். மேப்பிள் கொப்பில் இலைகள் நேரெதிரே சோடியாக முளைக்கும். 1937இல் சதத்தில் ஏறிய கொப்பில் அவை மேலும் கீழுமாக நிற்கின்றன. அதையே மேப்பிள் என்று நம்பிய நாடு, ஏழு விரல் இலையையும் நம்பும்.

இப்படிக்கு,
வரி பாக்கியில்லாத ஸ்காபரோவாசி

பி.கு.: விண்ணப்பக் கட்டணமாக ஒரு சதம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். அது இப்போது பிறீசரில், விளைமீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.