அடையில் உட்கார்ந்தவர்

ஊருக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர், வி.ஆர்.எஸ். வாங்கியவர் என்றால் தீவிரம் கூடுதல். கொல்லையில் நாலு நாட்டுக்கோழியோடு அடக்கமாகத்தான் ஆரம்பிப்பார். கோழியோ, இவரை ஒரு வார்த்தை கேட்காமல் அடையில் உட்கார்ந்து, 21 நாளில் குஞ்சுகளோடு எழுந்து வந்துவிடுகிறது. அங்கே தனக்கு வேலையே இல்லை என்ற மனக்குறையில்தான் மனிதர் காடைக்கு மாறுகிறார்.

பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடைக்கு அடைகாக்கும் பழக்கமே விட்டுப்போய்விட்டது. முட்டையைப் போடும், போய்விடும். யாராவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? இவர் உட்கார்ந்தார்.

தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, கிண்ணத்தில் தண்ணீர். பேரனுக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டரைத் தேடினால், "அது உள்ளே இருக்கு, பெட்டியைத் திறக்கக் கூடாது" என்பார். சூடு 37.5 டிகிரியில் நிற்கவேண்டும். கொஞ்சம் ஏறினாலும் இவருக்கு வியர்க்கும். கரண்ட் போனால் முதல் போன் இவருடையதுதான். "சார், உள்ளே நாப்பது உயிர் இருக்கு சார்!" எதிர்முனையில் இருப்பவர் புதிதாக வேலைக்கு வந்தவர். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா என்று பதறினார்.

கோழிமுட்டையை டார்ச்சில் பிடித்துப் பார்த்தால் உள்ளே செந்நரம்பு தெரியும். காடைமுட்டையில் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகள். எது கரு, எது கறை என்று பிடிபடாது. ஆனாலும் இவர் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"என்ன தெரியுது?"

"ஏதோ தெரியுது."

"என் ரெண்டு பிரசவத்துக்கும் ஆடிட்டுனு வெளியூர்ல இருந்த மனுஷன்" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். அதற்கு மட்டும் அவருக்குக் காது கேட்காது.

முதல் இரண்டு வாரமும் முட்டைகளை வேளாவேளைக்குப் புரட்டவேண்டும். அதனால் கல்யாண வீட்டில் தாலி ஏறியதும் பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிடுவார். சாப்பாடு குறைகிறது. பெட்டிப் பக்கம் யார் வந்தாலும் சிலிர்த்துக்கொண்டு சீறுகிறார். கொல்லைப் பஞ்சாரத்தில் அடையிலிருக்கும் கருங்கோழிக்கும் இவருக்கும் இறகு ஒன்றுதான் வித்தியாசம்.

பதினேழாம் நாள் ஓடு விரிகிறது. கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள். தண்ணீர்த் தட்டிலேயே விழுந்து செத்துவிடும் என்று தட்டு நிறையக் கூழாங்கல் போடுகிறார். பேப்பரில் கால் வழுக்கி முடமாகிவிடும் என்று சாக்கு விரிக்கிறார். 1990-ல் மிர் விண்வெளி நிலையத்திலேயே காடை முட்டை பொரிந்ததை எங்கோ படித்திருக்கிறார். "அவங்க அங்கே பொரிச்சாங்க, நான் ஸ்டோர் ரூம்ல பொரிச்சேன்" என்பதை இப்போது பால்காரரும் மனப்பாடமாகச் சொல்வார்.

கோழியோடு காடையை ஒரே கூண்டில் விடக் கூடாது என்பது இவருடைய அடுத்த பிரசங்கம். கோழி கொத்திவிடும், அதன் நோய் இதற்கு ஒட்டும். அதில் தப்பில்லை. காடை மிரண்டால் நெட்டுக்குத்தாக எழும்பி மண்டையை இடித்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். அதற்காகக் கூண்டின் மேல்தளத்துக்கு வீட்டு சோபாவின் ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒட்டியிருக்கவேண்டாம்.

ஏழாவது வாரம் முட்டை வந்துவிட்டது. ஒவ்வொன்றும் பத்து கிராம். ஒரு ஆம்லெட்டுக்கு அஞ்சு உடைக்கவேண்டும், உடைப்பவர் இவரல்ல.

தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கூண்டருகே வெகுநேரம் நின்றுவிட்டு, "மாமா, காடை வறுவல்..." என்று இழுத்தார். மாமனார் பையை எடுத்துக்கொண்டு நேரே கறிக்கடைக்கு நடந்தார். திரும்பி வந்தவர் பொட்டலத்தை அடுக்களையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"இது கடைக் காடை மாப்ளே. சாப்பிடலாம்."