வியாதிக்கும் பேர் போடணும் கவிஞரே!

வாங்க கவிஞரே, இப்படி வரப்புல உட்காருங்க. டாக்டர் கொடுத்த மாத்திரை பிரிக்காமலே பையில கெடக்காம். கேட்டா, "மனசு சரியாயிட்டா எழுத்து போயிடும் தாத்தா"ங்கிற. அப்ப இத்தனை நாளும் எழுதினது நீ இல்லையா, உன் வியாதியா? புத்தக அட்டையில அது பேரையில்ல போட்டிருக்கணும்!

அந்தா கெடக்கு பாரு, பந்தயத் திடல். 1842-ல நம்ம சிங்கப்பூர்ல குதிரைப் பந்தய கிளப் தொடங்கி, தேக்கா பக்கம் ஓடின குதிரைங்க 1933-ல புக்கிட் தீமா போயி, அப்புறம் நம்ம கிராஞ்சிக்கு வந்து, 2024 அக்டோபர் 5-ஓட எல்லாம் முடிஞ்சுபோச்சு. 'நொண்டுறதுதான் இந்தக் குதிரைக்கு அழகு, வைத்தியரைக் கூப்பிடாதீங்க'ன்னு எந்தக் குதிரைக்காரனும் சொல்லி நான் கேட்டதில்ல. கவிஞனுக்குத்தான் நொண்டலே முகவரி.

"கண்ணதாசன் குடிச்சாரே"ன்னு ஆரம்பிப்ப, தெரியும். குடிச்சவனெல்லாம் கண்ணதாசன்னா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா முழுக்கக் காவியம்ல வழிஞ்சிருக்கணும்? 2015-லேருந்து ராத்திரி பத்தரைக்கு மேல பொது இடத்துல குடிக்கக் கூடாதுன்னு சட்டம். தீவுல கவிதை குறைஞ்சுதா? குறைஞ்சா தேவலைங்கிறவங்க உண்டு, அது வேற கதை.

அந்தக் கண்ணதாசன்தான் நாத்திகம் பேசினாரு, 1961-ல தி.மு.க.வை விட்டு வந்தாரு, பின்னால 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதினாரு. ஆளு தலைகீழா மாறியும், ரெண்டு வரி காதுல விழுந்தா யாரு பாட்டுன்னு தெரியுதா இல்லையா? அதையெல்லாம் விட்டுட்டு அவரு கிளாஸை மட்டும் பிடிச்சுக்கிட்டியே!

அமெரிக்காவுல ரேமண்ட் கார்வர்னு ஒரு கதைக்காரர்; பேத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். குடியில விழுந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போன மனுசன், 1977 ஜூன்ல நிறுத்தினாரு. கொஞ்ச காலம் எழுத்தே ஓடல. அப்புறம் 1983-ல 'கதீட்ரல்' வந்துச்சு. அதே குடிகாரங்க, அதே ஒடஞ்ச குடும்பங்கதான். கதை மட்டும் முன்னைவிட விசாலமாயிடுச்சாம். பட்டது எதுவும் மறக்காது தம்பி. அதை எழுத உட்கார்றவன் தூங்கி எழுந்து வந்திருப்பான், அவ்வளவுதான்.

மாத்திரை மந்தமாக்குதுன்னா டாக்டர்கிட்டயே சொல்லு, அளவை மாத்துவாரு. நீயா வைத்தியராகாத, ஏற்கெனவே நீயா கவிஞரானது போதும். நாளைக்குக் கிளினிக்குக்குப் போறப்ப நோட்டையும் எடுத்துக்க. உன் நம்பரைக் கூப்பிடுறதுக்குள்ள ஒரு காவியமே முடிச்சிடலாம்.