வேலையில்லாத எழுத்துகள்

வளவனூரில் வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கிறேன். சோதனை முடிவுகளைப் பதியும் டெஸ்ட்லிங்க் திரையில் நான் தரக்கூடிய தீர்ப்பு நான்குதான்: தேறியது, தோற்றது, தடைபட்டது, இன்னும் ஓட்டவில்லை. உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து. (தமிழில் எழுதினால் தேறியதும் ‘பி’, தடைபட்டதும் ‘பி’. நல்லவேளை.) அமைப்புக் கோப்பைத் திறந்தால் இன்னும் சிலர் குந்தியிருக்கிறார்கள். அவர்களில் இருவர்: எக்ஸ் என்றால் ‘கிடைக்கவில்லை’, யூ என்றால் ‘தெரியாது’. இந்த இருவரையும் எங்கள் குழுவில் யாரும் தொட்டதில்லை. குழுவின் மூத்தவரிடம் கேட்டேன்.

“எடுத்துடலாமா சார்?”

“இருக்கட்டும் தம்பி. எதுக்கோ வச்சிருப்பாங்க.”

அம்மாவின் சாவிக்கொத்திலும் பூட்டில்லாத சாவி இரண்டு உண்டு. ஒன்று, 15 வருஷத்துக்கு முன் பழைய இரும்புக்குப் போட்ட பீரோவுடையது. தூக்கிப் போடச் சொன்னேன்.

“போடா, உன் வேலையைப் பாரு.”

வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.