மூன்றரை சிசி மாப்பிள்ளை முறுக்கு

கோயம்புத்தூரில் எஞ்சினைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஜி.டி. நாயுடுவின் ஊர். அவினாசி சாலையில் பழைய கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம், செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் பந்தயத் தடம், சந்துக்கு நாலு லேத். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஊரில் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரர் ஒருவர் நைட்ரோ ரிமோட் கார் வாங்கினார். வாங்கும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிப்பது சுலபம்: “மூன்றரை சிசிதானே!”

பையன் பேரைச் சொல்லித்தான் வாங்கினார். பையன் கேட்டது சைக்கிள்.

பெட்டியின் மேல் ‘ரெடி டு ரன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ரெடியாக இருந்தது வண்டி மட்டும். எரிபொருள் தனி, அதை ஊற்ற மூக்கு வைத்த பாட்டில் தனி. பிளக்கைச் சூடேற்றும் இக்னைட்டர் தனி, அதற்குச் சார்ஜர் தனி. ஏர் ஃபில்டரில் தடவ ஓர் எண்ணெய், ஓட்டி முடித்தபின் எஞ்சினுக்குள் விட வேறோர் எண்ணெய், எஞ்சின் தலைச் சூட்டை எட்ட நின்று அளக்கத் துப்பாக்கி வடிவத்தில் ஒரு வெப்பமானி. ரிமோட்டுக்கான பென்சில் செல்கூட உள்ளே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் வீட்டில் கணக்கு கேட்பார்கள். ஆகவே ஒவ்வொன்றும் “சும்மா, சின்ன சாமான்” என்ற பேரில் தனித்தனியாக வீட்டுக்குள் நுழைந்தது.

வண்டி 1:8 அளவு பக்கி வகை. எஞ்சின் 0.21 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் மூன்றரை சிசி. டூ ஸ்ட்ரோக். ஊரே கொண்டாடிய ஆர்எக்ஸ் 100 பைக்கின் 98 சிசி எஞ்சின் தன் முழுச் சக்தியைக் காட்டுவது 7,500 சுற்றில். இந்தப் பொடிசு 30,000 சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். அதாவது பிஸ்டன் நொடிக்கு 500 முறை மேலே போய்க் கீழே வருகிறது. அந்த வேகத்தில் எந்தச் சின்னத் தவறும் சின்னத் தவறாக நிற்காது.

நைட்ரோ என்று பேர் வாங்கியிருந்தாலும் பாட்டிலில் பெரும்பகுதி மெத்தனால்தான். ரிமோட் கார்களுக்கு விற்கும் கலவையில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 16 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கும். மீதி ஆயில்: செயற்கை ஆயில், விளக்கெண்ணெய், அல்லது இரண்டும் சேர்ந்தது. ஆம், பாட்டி பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 போதும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜனைச் சுமந்து வருவதால் அதற்கு வெறும் 1.7. உள்ளே வரும் அதே காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளைப் போட்டு எரிக்கலாம் என்பதுதான் இதன் சூட்சுமம்.

சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். மெத்தனால் விஷம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அது கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. போதாததற்கு இந்த எரிபொருளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று சர்பத் கடை நிறங்களில் சாயம் போட்டிருப்பார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலுக்குப் பூட்டு அவசியம். கையில் பட்டால் கழுவ வேண்டும். வெயிலில் எரியும் மெத்தனாலின் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் சூடான எஞ்சின் பக்கத்தில் ஊற்றுவதில் நிதானம் வேண்டும். பட்டறைக்காரர் இந்த விஷயத்தில் ஒழுங்கு. பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு சாவி எங்கே என்று வீடே தேடியது.

அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். டிவிஎஸ் 50 காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக்கில் கை வைத்தவர். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது: “பெட்ரோல்ல டூ-டி ஆயில் கலந்து ஊத்துனா என்னங்க?”

ஊற்றினால் ஓடாது. காரணம் பிளக். பைக் பிளக் பொறி விடும். இதிலுள்ள குளோ பிளக்குக்குப் பொறி கிடையாது. உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான். கிளப்பும்போது ஒன்றரை வோல்ட் கொடுத்தால் அது செக்கச்செவேல் என்று பழுக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனாலும் பிளாட்டினமும் சேர்ந்தால் நடக்கும் வேதிவினையும், எரியும் சூடும் சேர்ந்து கம்பியை அணையவிடாமல் பார்த்துக்கொள்ளும். பெட்ரோலோடு பிளாட்டினத்துக்கு அந்த ஒட்டுறவு இல்லை. 1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மாடல் விமானக்காரர்கள் காயிலையும் கண்டன்சரையும் சுமப்பதை விட்டார்கள்.

“அப்போ டைமிங்?” என்றார் மெக்கானிக்.

“டைமிங்கே இல்லைங்க.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. முப்பது வருஷத் தொழிலில் பாதியைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

புது எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தபோது பட்டறைக்காரருக்கு அடுத்த அதிர்ச்சி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடித்தது, கீச்சென்று சத்தம் வேறு. அவர் பட்டறையில் இப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் பையனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். ஆனால் இது வேண்டுமென்றே செய்தது. ஏபிசி என்று சொல்லும் இந்த வகை எஞ்சினில் அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். ஓடும்போது மேல்பகுதிதான் அதிகம் சூடாகி விரியும். அப்போது துளை சரியான அளவுக்கு வந்துவிடும். குளிர்ந்த நிலையில் குறையாகத் தெரிவது, சூட்டில் கணக்காக உட்காரும். இது புரிந்ததும் அவர் எஞ்சினை மரியாதையாகக் கீழே வைத்தார். மைக்ரான் கணக்கில் பிழைப்பு நடத்துபவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செலுத்தத் தெரியாது.

ஆகவே புது எஞ்சினைக் கிளப்பும் முன் தலையைச் சூடேற்றிக்கொள்வது நல்லது. சூடேற்ற எளிய கருவி முடி உலர்த்தும் ஹேர் டிரையர். அன்று காலை வீட்டில் ஹேர் டிரையர் காணாமல் போனதும், அது விளக்கெண்ணெய் வாசத்தோடு திரும்பி வந்ததும், அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தையும் குடும்ப விவகாரம்.

பைக் வாங்கினால் முதல் சில நூறு கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் போகாதே என்பார்களே, அந்த ரன்னிங்-இன் இதற்கும் உண்டு. முதல் சில டேங்குகளுக்கு எரிபொருளைத் தாராளமாக விட்டு, ஆயிலில் குளிப்பாட்டி, அரைகுறை வேகத்தில் ஓட்ட வேண்டும். சூடேற விட வேண்டும், ஆற விட வேண்டும், மறுபடி சூடேற்ற வேண்டும். ஒரு டேங்க் 125 மில்லி. பத்து நிமிடத்துக்கு வரும்.

அதற்கு முதலில் கிளம்ப வேண்டுமே. கயிற்றை இழுத்தார். இன்னும் இழுத்தார். கயிறு திடீரென்று சிமெண்டில் புதைத்ததுபோல் நின்றது. இழுக்க இழுக்க எரிபொருள் உள்ளே சேர்ந்து பிஸ்டனுக்கு மேலே திரவமாக நின்றுவிட்டது. திரவம் அமுங்காது. பலத்தைக் காட்டினால் கயிறு அறும், இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளையும். வைத்தியம் எளிது: பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, கயிற்றை இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். எந்தப் பக்கமாக வெளியே வரும் என்பதை மட்டும் யோசித்துவிட்டு இழுக்க வேண்டும். அவர் துளைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இழுத்தார். மூக்குக் கண்ணாடி கண்ணைக் காப்பாற்றியது. கண்ணாடியைத் துடைத்தபோது ஆயில் இன்னும் நன்றாகப் பரவியது. மீசையிலிருந்து ஒரு சொட்டு சட்டைப் பைக்குள் விழுந்தது. அதில் மடித்து வைத்திருந்த கரண்ட் பில் சிவப்பானது.

கடைசியில் கிளம்பிவிட்டது. தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். நீலப் புகை. டூ ஸ்ட்ரோக் வாசம் பிடித்த தலைமுறை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து வந்தது. அப்போதுதான் இதை எப்படி அணைப்பது என்று படிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. சாவி கிடையாது. எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடிக்கலாம், அல்லது சைலன்சர் வாயைத் துணியால் அடைக்கலாம். விரலால் அடைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறைதான் நினைப்பார்கள்.

இனிமேல்தான் அசல் கதை: டியூனிங். கார்ப்பரேட்டரில் முழு வேகத்துக்கு ஓர் ஊசி, குறைந்த வேகத்துக்கு ஓர் ஊசி, ஐடிலுக்கு ஒரு ஸ்க்ரூ. உள்ளே திருகினால் எரிபொருள் குறையும், வெளியே திருகினால் கூடும். கேட்க இவ்வளவுதான். ஆனால் புது மாப்பிள்ளை முறுக்கு என்பார்களே, அதை இந்த ஊசியில் பார்க்கலாம். எது போதவில்லை என்று வாய் திறந்து சொல்லாது. முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளும், குறிப்பறிந்து நாம்தான் நடந்துகொள்ள வேண்டும்.

மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டார். “மிக்ஸிங் ஜாஸ்திங்ணா. ஊசிய அரை சுத்து உள்ள விடுங்க.” பைக் கார்ப்பரேட்டரில் அது சாதாரண யோசனை. இங்கே ஒரு தடவைக்குக் கடிகார முள்ளின் ஒரு மணி தூரம், அதாவது ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு திருப்பினாலே பெரிது. அரைச் சுற்று உள்ளே போனதும் வண்டி சிங்கம்போல் பாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். புகை காணாமல் போனது. அதுதான் ஆபத்துக்கு அறிகுறி என்று யாருக்கும் தெரியவில்லை. டூ ஸ்ட்ரோக்குக்கு எரிபொருள் வழியாகத்தான் ஆயிலே வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் சூடும் ஏறும், வழுவழுப்பும் போகும். தெருக்கோடி வரை வீறிட்டுப் போன எஞ்சின் சட்டென்று அடங்கிவிட்டது. 105-இலிருந்து 125 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய தலை, வெப்பமானியில் 150-ஐத் தாண்டிக் காட்டியது. பிளக்கைக் கழற்றினால் சுருள் கம்பி நெளிந்து கிடந்தது.

“ஜாஸ்தியா விட்டுட்டமோ?” என்றார் மெக்கானிக். பன்மையில் பேசுவது அந்தத் தொழிலின் பழைய நாகரிகம்.

நல்ல டியூன் என்பதற்கு அடையாளம், முடுக்கும்போது வண்டிக்குப் பின்னால் மெல்லிய நீலப் புகை ஒரு கோடாக விழுவது. அது கிடைத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா என்றால், மாலை வரை இருக்கலாம். காற்றின் அடர்த்தி மாறினால் ஊசியும் மாற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று வீசும் விடியலில் எரிபொருள் கொஞ்சம் கூட வேண்டும். சித்திரை வெயிலில் கொஞ்சம் குறைக்க வேண்டும். விடுமுறைக்கு 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு எடுத்துப்போனால் மெலிந்த காற்றுக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் எடுத்துப்போனார். குடும்பம் படகு ஓட்டியது. அவர் ஊசி திருப்பினார்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே இல்லையே. ஓட்டுவது இதில் சிறு பகுதிதான். வண்டி நம்மைவிட்டு விலகிப் போகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும். இது மூளைக்குத் தெரியும். விரலுக்குத் தெரிய வாரங்கள் ஆகும். அதுவரை வண்டி ஓட்டுகிறவரின் முழங்காலைக் குறிவைத்தே வரும்.

விரலுக்குத் தெரிந்த பிறகு, ரிசீவருக்குச் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய பழைய செல்லைப் போட்டார். பாதி ஓட்டத்தில் செல் இறங்கியது. த்ராட்டிலைத் திறந்த சர்வோ திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது. சிக்னல் அறுந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஃபெயில்சேஃப் வசதியை முதல் வேலையாக அமைத்துவிட வேண்டும், கார்ப்பரேட்டரை இழுத்து மூட ஒரு ஸ்பிரிங்கும் மாட்ட வேண்டும் என்பார்கள் அனுபவஸ்தர்கள். இரண்டும் இல்லாத வண்டி, விற்காத மனைகளுக்கு நடுவே பார்த்தீனியச் செடிகளைப் பிளந்துகொண்டு போய் ஓர் எல்லைக்கல்லில் மோதியது. முன் சஸ்பென்ஷன் கை முறிந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓட்டியது அன்றைக்கு அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

ஓட்டி முடித்தால் டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்து, எஞ்சினுக்குள் சில சொட்டு ஆயில் விட்டுச் சுற்றிவைக்க வேண்டும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். விட்டுவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும். பிஸ்டனை உச்சியில் நிறுத்திவைத்தால் அடுத்த வாரம் அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கும். பத்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு மணி நேர வேலை.

பேட்டரி வண்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. லித்தியம் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்தபின் வேகத்திலும் நைட்ரோ பின்தங்கிவிட்டது. சந்தோஷமாக ஓட்ட மட்டும் ஆசைப்படுகிறவர்கள் தயங்காமல் பேட்டரி வண்டியை வாங்கலாம். ஆனால் 1:8 நைட்ரோ பக்கிகளுக்கான உலகப் போட்டி 1986 முதல் நடந்து வருகிறது. இறுதிச் சுற்று ஒரு மணி நேரம். நடுநடுவே பிட்டுக்குள் வந்து நொடிக்கணக்கில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஓட வேண்டும். 2012-இல் அர்ஜென்டினாவில் ஸ்பெயினின் ராபர்ட் பாட்லே ஜெயித்தார். ஒரு மணி நேரம் முழுக்க அணையாமல் ஓடிய அந்த எஞ்சினை நினைத்துத்தான் நம் பட்டறைக்காரர் பொறாமைப்படுகிறார், கோப்பையை நினைத்து அல்ல.

பையனுக்குச் சைக்கிள் வந்துவிட்டது. போன வாரம் மெக்கானிக் தயங்கித் தயங்கி, தனக்கும் ஒரு ரிமோட் கார் வாங்கலாமென்று இருப்பதாகச் சொன்னார். பட்டறைக்காரர் பெரிய மனது பண்ணி, தான் பட்ட பாட்டையெல்லாம் விவரித்து, பேட்டரி வண்டியாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.

மெக்கானிக் முகம் சுளித்தார். “அதுல கழட்டறதுக்கு என்னங்ணா இருக்குது?”